மறு: அவைலபிலிட்டிக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

திட்டமிடல் மென்பொருளின் திரையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழைக்கு என் பதில் இது. ஒர்க்லோடுக்குப் பணிச்சுமை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஊரே அப்படித்தான் எழுதுகிறது, வைத்துக்கொள்வோம். ஒருவர் வேலைக்கு எவ்வளவு நேரம் கிடைப்பார் என்பதைச் சொல்லும் அவைலபிலிட்டிக்கு இந்த இழையில் இதுவரை வந்தவை கிடைப்பு, கிடைக்கும் தன்மை, இருப்பு. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. திட்ட அட்டவணையில் ஒரு சோதனையாளரின் பெயருக்கு நேரே 'இருப்பு: 8' என்று போட்டால், ரேஷன் கடைப் பலகையில் சீனி இருப்பு எழுதியதுபோல் இருக்கிறது. பொருள் கிடைக்கும், சரக்கு இருப்பில் இருக்கும். ஆளை அப்படிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலச் சொல்லே இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 40. பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை போனால் 16. அந்தச் சோதனையாளர் இந்தத் திட்டத்துக்குப் பாதி ஆள்தான், அதாவது 50 விழுக்காடு. ஆகவே அவர் தரக்கூடியது 8 மணி நேரம். இதுவும் அவைலபிலிட்டிதான். அதில் 5 மணி நேரத்துக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாயிற்று என்றால் மீதி 3. இதையும் அவைலபிலிட்டி என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருளில் இரண்டாவதற்கு முன்னால் 'ரிமெய்னிங்' என்று ஒட்டிச் சமாளித்திருக்கிறார்கள். தமிழில் நாமும் ஏன் ஒட்டுப்போட வேண்டும்? இரண்டு கருத்து, இரண்டு சொல் என்று வைத்துவிட்டால் திரையைப் பார்ப்பவருக்குக் குழப்பமே வராது.

முதலாவதற்கு நான் முன்வைப்பது தருநேரம். தந்த, தருகிற, தரும் என்று மூன்று காலத்துக்கும் பொதுவான வினைத்தொகை; முடிந்த வார அறிக்கையிலும் அடுத்த மாதத் திட்டத்திலும் மாற்றாமல் எழுதலாம். நாட்காட்டியின் வேலை நேரம், அதில் விடுப்பு கழித்து, அவருடைய பங்கு விழுக்காட்டால் பெருக்கினால் தருநேரம். கெபாசிட்டி என்று வரும் இடங்களிலும் பெரும்பாலும் இதையே போடலாம். கொள்ளளவு வேண்டாம், அது ஏரிக்கும் குடத்துக்கும் இருக்கட்டும்.

இரண்டாவதற்கு ஒழிவு.

ஒழிக, ஒழிப்பு எல்லாம் நினைவுக்கு வருமே என்று தயங்குவீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'கை ஒழிஞ்சதும் வரேன்', 'ஓய்வு ஒழிச்சல் இல்லாத வேலை' என்று நாம் நாள்தோறும் பேசுவது எதை? வேலையிலிருந்து விடுபட்ட நேரத்தைத்தான். பாத்திரத்தை ஒழித்துக் கொடு, அறையை ஒழித்துக் கொடு என்பதிலும் அழிக்கச் சொல்லவில்லை, அடுத்த பயன்பாட்டுக்கு விடுவிக்கச் சொல்கிறோம். மலையாளத்தில் காலிப் பணியிடத்துக்கும் ஓய்வு நேரத்துக்கும் இன்றைக்கும் ஒழிவுதான். நம் வீட்டுக்குள்ளேயே புழங்கும் சொல்லை ஒரு முழக்கத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. திட்டமிடல் மென்பொருளில் ரிசோர்ஸ், அதாவது பணிக்குத் தேவைப்படும் வளம், என்பது ஆள் மட்டுமல்ல. டாஸ்க்ஜக்லர் என்ற இன்னொரு திட்டமிடல் மென்பொருளில் ஒரு கூட்ட அறையைக்கூட ரிசோர்ஸாகச் சேர்த்து, அதன் செயல்திறனை பூஜ்யம் என்று குறிக்கலாம்: அறை தேவை, ஆனால் அது உழைப்பதில்லை. ஆளுக்கும் அறைக்கும் எந்திரத்துக்கும் ஒழிவு ஒன்றுபோலப் பொருந்தும். தனியாக நின்றால் உறுத்தும் என்பவர்களுக்காக, தலைப்பில் மட்டும் ஒழிவு நேரம் என்று விரித்து எழுதலாம்.

சர்வர் எத்தனை விழுக்காடு நேரம் இயங்கியது என்பதையும் இதே ஆங்கிலச் சொல்லால் சொல்கிறார்கள் அல்லவா, அதை இத்துடன் சேர்க்க வேண்டாம். நம் மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில், சொல் எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் சூழல் வரி சேர்த்துவிட்டால் இரண்டும் தனித்தனியாகிவிடும். அதேபோல, ஆளின் நிலை காட்டும் இடத்தில் 'நாட் அவைலபிள்' என்பதை 'இல்லை' என்று மொழிபெயர்த்திருக்கும் வரியை உடனே மாற்றுங்கள். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 'இல்லை' என்று மட்டும் இருந்தால் படிப்பவருக்குப் பகீரென்றிருக்கும். விடுப்பில் என்றோ வேறு பணியில் என்றோ காரணத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்து ஓவர்அலகேஷன், அதாவது ஒருவருக்கு அவருடைய தருநேரத்தை மீறி வேலை கொடுத்துவிடுவது. மிகை ஒதுக்கீடு என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒதுக்கீடு என்றதும் நமக்கு இட ஒதுக்கீடும் நிதி ஒதுக்கீடும்தான் தோன்றும். ஒருவருக்கு மிகை ஒதுக்கீடு என்றால் அவருக்கு ஏதோ கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்றுதான் படிப்போம். நடந்திருப்பதோ நேர்மாறு. மேலே சொன்ன அதே சோதனையாளருக்கு அந்த வாரம் 12 மணி நேர வேலையைக் கொடுத்தால் ஒழிவு பூஜ்யம், 4 மணி நேரம் தலைக்கு மேல். மென்பொருள் அவர் வரியைச் சிவப்பாக்குகிறது. அந்தச் சிவப்புக்குப் பெயர் மிகைச்சுமை என்றே இருக்கட்டும். மேலாளர் அதைப் படிக்கும்போது, சுமப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். இந்தச் சொல்லில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மிகைச்சுமை தீரும்படி பணிகளைத் தள்ளிவைக்கும் லெவலிங்குக்குப் பணிநிரவல் என்ற யோசனை நன்றாக இருந்தது, ஆனால் ஒரு திருத்தம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையில் பணிநிரவல் என்றால், உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுவது. அங்கே ஆள் நகர்கிறார். மென்பொருளின் லெவலிங்கில் ஆள் அப்படியே இருக்க, பணியின் தேதி தள்ளிப்போகிறது; திட்டத்தின் முடிவுத் தேதியும் சேர்ந்து தள்ளிப்போகலாம். எனவே இதற்குச் சுமைநிரவல் என்று வைத்துக்கொண்டு, ஒருவர் வேலையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வசதிக்குப் பணிநிரவலை விட்டுவைப்போம். நிரவு என்ற வினை இரண்டிலும் இருப்பதால் உறவும் தெரியும்.

மிச்சமிருப்பது ஸ்மூத்திங். முடிவுத் தேதியைத் தொடாமல், பணிகளுக்கு இருக்கும் நெகிழ்நேரத்துக்குள் மட்டும் சுமையைப் பரப்புவது. அப்புறம், முடிவுத் தேதியைப் பாதிக்காமல் ஒரு பணி எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பதைச் சொல்லும் ஃப்ளோட்டுக்கு நெகிழ்நேரம் என்று எழுதியிருக்கிறேன், மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். நெகிழ்நிரவல் என்று ஒன்று தோன்றியது, ஆனால் வாயில் சரளமாக வரவில்லை. சீராக்கம் என்றால் பொதுவாகப் போய்விடுகிறது. இதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா? மற்ற சொற்களை மறுப்பு வராவிட்டால் இந்த வார இறுதியில் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ஸ்மூத்திங் வரியை மட்டும் இப்போதைக்குக் காலியாக விட்டுவைக்கிறேன்.

அன்புடன்