புழல் ஏரிக்கரையில் துரை பேய் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

செங்குன்றத்துக்காரன்:
எங்கள் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு பழைய பங்களா இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புச் சுவர், ஆளுயர ஜன்னல்கள். சரியான இடத்தைச் சொல்ல மாட்டேன், வாரிசுகளுக்குள் கேஸ் ஓடுகிறது. ஊரில் அதற்குப் பெயர் தொரை பங்களா. ஏரி வேலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் மதகில் விழுந்து செத்துவிட்டாராம். அமாவாசை ராத்திரியில் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு குதிரையில் வருவாராம். வந்து யாரையும் அடிப்பதில்லை, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாராம். "செத்தும் டியூட்டிக்கு வர்ற ஒரே கவர்மென்ட் ஆளு" என்று அப்பா சிரிப்பார்.

பிளஸ் டூ லீவில் பந்தயம் கட்டிக்கொண்டு நாலைந்து பேர் உள்ளே போனோம். ஹாலில் கால் வைத்ததுமே மேலே யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுக்கிற மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நிற்கவே இல்லை. டார்ச் அடித்தால் உத்தரத்தின் மேல் வெள்ளையாக ஒரு முகம், உடம்பு தெரியவில்லை. முகம் மட்டும் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தது. அப்புறம் என்ன, ஒருத்தன் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கும்.

மாதவரம் வாசி:
எங்கள் மாமா அங்கே ராத்திரியில் ரயில் சத்தமே கேட்டிருக்கிறார். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ரோடு போடக் கல் ஏற்றிப் போக 1837-லேயே தண்டவாளம் போட்டிருந்தார்கள். இந்தியாவிலேயே முதல் ரயில் பாதை அதுதான். மாமாவுக்கு இந்த விஷயம் தெரியாது. அவர் கேட்டது ரைஸ்மில் சத்தமாகவும் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொளத்தூர் குருவி:
செங்குன்றத்துக்காரரே, நீங்கள் பார்த்தது கூகை, ஆந்தையில் ஒரு வகை. வெள்ளை முகம், பறந்தால் சத்தமே வராது, பாழடைந்த கட்டிடம்தான் அதற்கு வீடு. அந்த "ஸ்ஸ்ஸ்" பெரும்பாலும் குஞ்சுகள் பசியில் போடுகிற சத்தம். பகலில் போய் அந்த உத்தரத்துக்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். கட்டை விரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். உடைத்தால் எலி முடியும் குட்டி எலும்பும் இருக்கும், சில சமயம் முழு மண்டை ஓடே வரும். ஏரிக்கரையில் ராத்திரி யாரோ கத்துகிறார்கள் என்று சொல்வதில் பாதி ஆள்காட்டிக் குருவி. தரையில் முட்டை வைக்கிற பறவை, ஆள் நடமாட்டம் தெரிந்தால் விடாமல் கத்தும்.

செங்குன்றத்துக்காரன்:
சரி, முகம் கூகை. சுருட்டு வாசனை? அதை நான் மட்டுமில்லை, பால் கறக்க விடியற்காலையில் போகிறவர்களும் சொல்கிறார்கள். கூகை சுருட்டு பிடிக்குமா?

பாடியநல்லூர் பொண்ணு:
இதற்கு எங்கள் ஆயாவிடம் பதில் இருந்தது. கரை மேல் மடைக்குப் பக்கத்தில் மஞ்சள் குங்குமம் பூசிய ஒரு கல் உண்டு, முனீஸ்வரன். அமாவாசைக்கு சுருட்டு கொளுத்தி வைப்பார்கள், வேண்டுதல் இருந்தால் கோழியும் சாராயமும். முனி ராத்திரியில் வெள்ளைக் குதிரையில் கரையைச் சுற்றிக் காவல் காப்பார், குறுக்கே போனால் அடித்துவிடுவார். ஆயா சின்ன வயசில் கேட்ட கதை இதுதான், துரை யாரும் அதில் கிடையாது.

இப்போது துரை கதையைப் பாருங்கள். குதிரை, சுருட்டு, அமாவாசை, கரைக் காவல். எல்லாமே முனியுடைய சாமான்கள். தொப்பி மட்டும்தான் புதுசு. 1872-ல் இங்கிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் போக ஆரம்பித்தது, 1881-ல் ஏரிக்குள் தண்ணீர் எடுக்கிற ஜோன்ஸ் கோபுரம் எழும்பியது. மடைக்கு அதிகாரி துரை என்று ஆனதும் காவல் வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது என் கணக்கு. துரை பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், கதை சொல்கிற ஒருத்தராவது சொல்கிறார்களா என்று.

அதற்காக நான் அமாவாசை ராத்திரி அந்தப் பக்கம் போவேன் என்று நினைக்காதீர்கள். துரை பொய், முனி பொய்யில்லை.

கொளத்தூர் குருவி:
சுருட்டுக்கு பதில் கிடைத்துவிட்டது. கூகை மேல் இருந்த கேஸ் தள்ளுபடி.

செங்குன்றத்துக்காரன்:
தொப்பி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கேஸ் ஆரம்பித்த பிறகுதான் வெள்ளைப் புடவைப் பெண் ஒருத்தியும் பங்களாவுக்குக் குடி வந்தாள். அதற்கு முன்னால் துரை தனிக்கட்டை. விலையை இறக்க புரோக்கர்கள் கிளப்பிவிட்டது என்று டீக்கடையில் பேச்சு.

மாதவரம் வாசி:
பேய் இருக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் குறைப்பார்களா? இங்கே பத்து மாசம் கேட்கிறார்கள்.