எடை வரம்புக்குள்தான் லோடு, ஆனாலும் ஸ்டீயரிங் மிதக்கிறது: உதவி தேவை

கேட்டவர்

மூன்று மாதமாக டைல்ஸ் ஏற்றும் மூடிய வேன் ஓட்டுகிறேன். அதற்கு முன் கார் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். காலி வண்டியில் ஒரு குறையும் இல்லை. லோடு ஏற்றி 70-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது, முன்பக்கம் மிதப்பது போல் இருக்கிறது. பக்கத்திலிருந்து காற்று அடித்தால் வால் ஆடுகிறது. இரவில் டிம் லைட்டில் போனாலும் எதிரே வருகிறவர்கள் கண் கூசி லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள்.

அலைன்மென்ட் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. ஓவர்லோடும் இல்லை. அனுமதித்த மொத்த எடை 3500 கிலோ. நானும் உதவியாளரும் ஏறிய பிறகு காலி வண்டி 2250, டைல்ஸ் 1200. டயரில் 121 என்ற சுமைக் குறியீடு இருக்கிறது, அதாவது ஒரு டயர் 1450 கிலோ தாங்கும். வேறு எங்கே பார்ப்பது?

பதில் 1

பின்பக்கம் தாழ்கிறது, அவ்வளவுதான். அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கில் கமான் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.

பதில் 2

தயவுசெய்து பட்டை போட அவசரப்படாதீர்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் அச்சும் பேரிங்கும் பிரேக்கும் பழையவைதானே? பட்டை போட்டதால் அனுமதித்த எடை ஒரு கிலோகூட உயராது.

முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வண்டியில் எடை வரம்பு பொறித்த தகட்டில் மொத்த எடைக்குக் கீழே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக என்ன போட்டிருக்கிறது? டைல்ஸை வண்டிக்குள் எந்த இடத்தில் வைக்கிறீர்கள்?

கேட்டவர்

முன் அச்சு 1800, பின் அச்சு 2100. கூட்டினால் 3900 வருகிறதே, அது எப்படி? டைல்ஸ் ஒரே பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டில் வரும். ஃபோர்க்லிஃப்ட் பின்கதவு வழியாக வைத்துவிட்டுப் போய்விடும், கதவை ஒட்டியே நிற்கும்.

பதில் 2

கோளாறு அங்கேதான். 3900 என்பது ஏற்றிக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் இல்லை. லோடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அச்சு தாங்கட்டும் என்று விட்ட இடைவெளி. மொத்தம், முன், பின் மூன்று வரம்பும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். டயர் கணக்கும் இதை மாற்றாது. இரண்டு பின் டயரும் சேர்ந்து 2900 தாங்கலாம், ஆனால் அச்சுக்கு 2100 என்றால் 2100தான். அந்த 1450-கூட, சொன்ன அளவு காற்று இருந்தால் மட்டுமே. காற்று குறைந்த டயர் லோடில் சூடேறி வெடிக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போதே, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழு லோடுக்கு உள்ள அளவைப் பார்த்து நிரப்புங்கள்.

இப்போது பேலட்டுக்கு வருவோம். உங்கள் வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3.6 மீட்டர் என்றும், பேலட்டின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சீசா பலகை மாதிரிதான்: அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்த பாரம் முன்பக்கத்தைத் தூக்கும். 1200 கிலோ லோடு பின் அச்சில் 1400 கிலோவாக விழும், முன் அச்சிலிருந்து 200 கிலோவைப் பறித்துக்கொள்ளும். திருப்புவதும் முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கைச் சுமப்பதும் முன் சக்கரம். அதற்குத்தான் பிடிமானம் போய்விட்டது. மூக்கு நிமிர்வதால் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது.

நாளை எடை மேடையில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை எடுங்கள். கழித்தால் பின் அச்சு தெரியும். அதுவரை லோடோடு வேகம் வேண்டாம்.

கேட்டவர்

போட்டேன். முன் 1150, பின் 2300. மொத்தம் 3450 என்பதால் இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன், ஆனால் பின் அச்சில் 200 கிலோ அதிகம். அங்கேயே கை ஜாக்கியால் பேலட்டை 1.2 மீட்டர் முன்னே தள்ளி மறுபடி போட்டேன். முன் 1550, பின் 1900! திரும்பி வரும்போது ஸ்டீயரிங் கைக்குள் நின்றது. ஆனால் பேலட்டுக்கும் சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புக்கும் நடுவே ஒரு மீட்டர் காலியாக இருக்கிறது. பரவாயில்லையா?

பதில் 3

அப்படியே விடாதீர்கள். அழுத்திப் பிரேக் பிடித்தால் லோடு தன் எடையில் 80 சதவீதம் வரை விசையோடு முன்னே பாயும் என்றுதான் கட்டும் கணக்கே போடுகிறார்கள். உங்களுக்கு அது 960 கிலோ, உங்கள் முதுகுக்குப் பின்னால். காலிப் பேலட்டுகளை நிறுத்தி அந்த இடைவெளியை அடைத்துவிடுங்கள். அப்புறம் ராட்செட் பெல்ட்டை (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை)த் தரையில் உள்ள கொக்கி வளையங்களில் மாட்டி, லோடின் மேலாகப் போட்டு இறுக்குங்கள். பத்து நிமிடம் ஓட்டிய பிறகு நிறுத்தி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். பெட்டிகள் அமர்ந்ததும் பெல்ட் தளர்ந்துவிடும்.

கார் ஓட்டிய பழக்கம் உள்ளவர் என்பதால் இதையும் சொல்கிறேன். 80-லிருந்து 100-க்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. முழு லோடில் முன்னால் போகும் வண்டிக்கு நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியரில் இறங்குங்கள். டாஷ்போர்டில் விளக்கு உயரத்தை மாற்றும் திருகு இருந்தால் லோடு ஏற்றியதும் அதைத் தாழ்த்துங்கள்.

கேட்டவர்

திருகு இருக்கிறது, இத்தனை நாள் தொட்டதே இல்லை. பெல்ட் நாளைக் காலை வாங்கிவிடுகிறேன். மிக்க நன்றி.