வீட்டுக்கு வெளியே அமர்ந்து வேலை: எந்த இடத்தில் எந்த வேலை ஓடுகிறது?

சென்னை சைதாப்பேட்டையிலிருந்து:

பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்காக மென்பொருள் கையேடுகள் எழுதுவது என் வேலை. 2020 ஊரடங்கின்போது வீட்டுக்கு வந்த அந்த வேலை அதன்பின் அலுவலகத்துக்குத் திரும்பவே இல்லை. ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில் மாமனார், மாமியார், பள்ளி செல்லும் மகன் என எல்லோரும் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு மேல் ஒரு பத்தியைக்கூடச் சேர்ந்தாற்போல் எழுத முடியவில்லை. அதனால்தான் வெளியே இடம் தேடினேன். வெளியே அமர்ந்து வேலை பார்க்க எப்படிப்பட்ட இடம் ஏற்றது என்ற இந்தப் பகுதியின் கேள்விக்கு, பலரும் இணைய வேகத்தையும் மின் இணைப்பு வசதியையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவை வேண்டியவைதான். ஆனால் அன்றைக்குச் செய்ய வேண்டியது வாய் திறக்காமல் செய்யும் வேலையா, பேசித் தீர்க்க வேண்டிய வேலையா என்பதைச் செருப்பு மாட்டும் முன்பே பிரித்துக்கொண்டால்தான் வெளியே போனதற்குப் பலன் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

எழுத்து வேலை இருக்கும் நாட்களில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறேன். 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவு ஒன்று உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கதவு திறக்கும் முன்பே வந்து வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தால் யாரும் சொல்லாமலே நம் கையும் வேலையில் இறங்கிவிடுகிறது.

அங்கே எனக்குப் பழக்கமான ஒரு பெண், குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களை நான்காகக் கிழித்து, ரப்பர் பேண்டு போட்டு, புத்தகத்துக்கு வலப்பக்கம் எப்போதும் வைத்திருப்பார். கைப்பேசி பைக்குள்ளேயே கிடக்கும். படிக்கும்போது ஏதாவது நினைவுக்கு வந்தால் ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு மீண்டும் படிப்பார். ஒருநாள் மதியம் அந்தத் தாள்களை அவர் புரட்டியபோது நானும் பார்த்தேன். ‘கேஸ் புக் பண்ணணும்’, ‘சித்திக்குப் போன்’, ‘44ஆவது திருத்தம் – ஆண்டு?’ என்று ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி இருந்தது. “போனைத் தொட்டா ஒரு மணி நேரம் போயிடும்க்கா. அதான் இதுல எழுதி வெச்சுட்டு, சாப்பிடப் போகும்போது மொத்தமாப் பார்த்துக்குவேன்” என்றார்.

அன்றிலிருந்து நானும் அதையே செய்கிறேன். கையேடு எழுதும்போது நிரலாளர்களிடம் கேட்க வேண்டிய சந்தேகங்கள் ஓயாமல் எழும். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் செய்தியாக அனுப்பிவிட்டு, பதில் வந்ததா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அவற்றைத் தாளில் சேர்த்துவைத்து மதியம் ஒரே செய்தியாக அனுப்புகிறேன். அவர்களுக்கும் அதுதான் வசதியாக இருக்கிறதாம். வேலைக் குறுக்கீடுகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் குளோரியா மார்க்கும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கீட்டுக்கு ஆளானவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள், ஆனால் அவர்களுடைய மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன என்று கண்டிருக்கிறார்கள். வீட்டில் நான் வேலை பார்த்த நாட்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. வேலை முடிந்துவிடும், மாலையில் மகனிடம் முகம் கொடுத்துப் பேசத்தான் தெம்பு இருக்காது.

காபிக் கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓரளவு இரைச்சல், அதாவது 70 டெசிபெல் அளவுக்கு, புதிதாகச் சிந்திக்க உதவுகிறது என்றும், 85 டெசிபெல்லுக்குப் போனால் அதுவே கெடுக்கிறது என்றும் 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடைகளில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். என் விஷயத்தில் இரைச்சலின் அளவைவிட, பேச்சு புரிகிறதா இல்லையா என்பதே பெரிய வேறுபாட்டைத் தருகிறது. அலுவலகக் கூட்டத்துக்காகப் பெங்களூரு போனபோது ஜெயநகரில் ஒரு கடையில், சுற்றிலும் கன்னடம் ஒலிக்க, ஓர் அத்தியாயம் முழுவதையும் தடையின்றி எழுதினேன். மயிலாப்பூரில் அதைவிட அமைதியான கடையில், பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் ஒரு சொத்துத் தகராறைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு வரிகூட நகரவில்லை. படித்துப் புரிந்துகொள்ளும் வேலையில் பொருள் விளங்கும் பேச்சுதான் அதிகம் குறுக்கிடுகிறது என்று உளவியலாளர்கள் 1980களிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எழுத்து வேலை செய்பவர்கள், நம் மொழிப் பேச்சு காதில் விழாத மூலையாகப் பார்த்து உட்காருவது நல்லது.

தேர்வு நெருங்கும் வாரங்களில் நான் நூலகத்துக்குப் போவதில்லை. எனக்குச் சம்பளம் வருகிறது, காசு கொடுத்து வேறெங்காவது உட்கார முடியும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது முடியாது. இதை எல்லோரும் மனத்தில் கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே வேண்டுகிறேன்.

மதுரையிலிருந்து:

மேலே சகோதரி எழுதியிருப்பதை அப்படியே ஏற்கிறேன். என் நிலைமை அதற்கு மறுபுறம். சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர் 1 படிவத்தையும், 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கின் சுருக்கமான 3பி படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் மாதத்தின் முதல் இருபது நாட்களில் பெரும்பாலும் எனக்குப் பேச்சுதான் வேலை. பில் வரவில்லை, ஓடிபி சொல்லுங்கள், இந்தச் சரக்கு திரும்பிப் போனதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனாலும் 14ஆம் தேதி, சரக்கு விற்றவர்கள் பதிவேற்றிய பில்களைக் காட்டும் 2பி அறிக்கை வந்தபின், கொள்முதல் பில்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நாட்களில் மட்டுமே அங்கே போக முடிகிறது.

பேச வேண்டிய நாட்களுக்கு இடம் கொடுத்தவர் எங்கள் பகுதியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அண்ணன். காலைப் பலகாரம் முடிந்து மதியச் சாப்பாடு தொடங்கும் வரை அவருடைய கடையில் மேசைகள் காலியாகவே கிடக்கும். தயங்கித் தயங்கிக் கேட்டேன். “பதினோரு மணியிலருந்து பன்னெண்டரை வரைக்கும் தாராளமா உக்காருங்க தம்பி. இலை போட ஆரம்பிச்சா எந்திரிச்சிருங்க” என்றார். எழுந்தாக வேண்டிய நேரம் ஒன்று கண்முன் இருந்ததால், காலை முழுவதும் இழுத்தடித்த அழைப்புகள் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய ஆரம்பித்தன. பெரிய கூடத்தில் நாள் முழுக்கக் கிடைக்கும் இடத்தைவிட, இப்படி எல்லை வகுக்கப்பட்ட இடம் என்னைப் போன்றவர்களுக்கு அதிகம் உதவுகிறது.

பொது இடத்தில் பேசும்போது ஒரு பொறுப்பும் இருக்கிறது. வாடிக்கையாளரின் கடைப் பெயரையும் விற்றுமுதல் தொகையையும் ஒரே மூச்சில் உரக்கச் சொல்லக் கூடாது. நான் தொகையைச் செய்தியாக அனுப்பிவிட்டு, “அனுப்பிய எண் சரியா?” என்று மட்டும் கேட்கிறேன். திரை சுவரைப் பார்த்து இருக்கும்படி உட்காருகிறேன். கடையின் இணையத்தில் வரித்தளத்தையோ வங்கிக் கணக்கையோ திறப்பதில்லை, என் கைப்பேசி இணைப்பைத்தான் பயன்படுத்துகிறேன். நாளுக்கு 2 ஜிபி கொண்ட திட்டங்களில் அந்த அளவு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதன்பின் வரித்தளம் அசையாது. காணொளி அழைப்பு வந்தால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுவது இதனால்தான்.

சென்னை பெரம்பூரிலிருந்து:

இரண்டு வகை வேலையும் கலந்து வரும் என் போன்றவர்களுக்காக ஒரு தகவல். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில், படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பகுதியும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பகுதியும் தனித்தனியே இருக்கின்றன. வேலை பார்ப்பவர்களுக்கு அரை நாள் கட்டணமாக 50 ரூபாய் நிர்ணயித்திருந்தார்கள். கூட்ட அறைகளும் உண்டு. அங்கே நான் சந்தித்த ஒருவர் இணையவழி விற்பனைப் பொருட்களுக்குப் படம் திருத்துபவர். திருத்தும் வேலையை இருக்கையில் முடித்துவிட்டு, வாடிக்கையாளர் அழைப்புகளை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் வராந்தாவில் நடந்தபடியே பேசி முடிப்பார். பேசும்போது நடப்பதால் சீக்கிரம் முடித்துவிடத் தோன்றுகிறது என்றார். நானும் செய்து பார்த்தேன், உண்மைதான்.

மாவட்ட மைய நூலகங்களிலும் இப்படிப் பேசுவதற்கென்று கதவுள்ள சிறு அறை ஒன்று கிடைத்தால், படிப்பவர்களுக்கும் தொந்தரவு இருக்காது, எங்களுக்கும் அலைச்சல் குறையும். எங்கள் பகுதி நூலகரிடம் இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்களில் இப்படி ஓர் அறை ஏற்கெனவே இருந்தால், அது எந்த நூலகம், எப்படி ஒதுக்கித் தருகிறார்கள் என்பதை இங்கே எழுதுங்கள். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது எடுத்துச் சொல்ல உதவும்.