தோட்டத்துச் சாளையின் சமையலறைக்குப் பழைய பொருட்கள்: எவற்றைப் புழங்கலாம், எவற்றைத் தவிர்க்கலாம்?

கேள்வி: சாளைக்காரி

தாராபுரத்துக்கு மேற்கே எங்கள் தோட்டத்தில் மாமனார் காலத்துச் சாளை (தோட்டத்து வீடு) ஒன்று இருக்கிறது. கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர், மேலே சீமை ஓடு, பின்புறம் பதினாறடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு சமையலறை. பிள்ளைகள் வெளியூரில் வேலைக்கு அமர்ந்துவிட்டதால் நானும் கணவரும் திருப்பூரை விட்டு இங்கேயே வந்து தங்குவதாக இருக்கிறோம். சமையலறையைப் புதுப்பித்தாக வேண்டும். ஆனால் அடுக்குமாடி வீடுகளில் உள்ள பளபளப்பான மாடுலர் பெட்டிகளைக் கொண்டுவந்து இந்தச் சுவரில் அறைய மனம் வரவில்லை. ஓட்டு வீட்டுக்குப் பொருந்துமாறு, முடிந்தவரை பழைய பொருட்களைக் கொண்டே அமைக்க விரும்புகிறோம்.

மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய கருங்கல் தொட்டி ஒன்று, அட்டாலியில் (பரணில்) கிடக்கும் நீளமான பலகைகள், கால் ஆடுகிற கம்பிவலைப் பீரோ, பித்தளை அண்டாவும் தவலையும் சில குண்டான்களும் வீட்டிலேயே உள்ளன. இவற்றோடு காரைக்குடிக்குச் சென்று செதுக்கு வேலைப்பாடுள்ள இரட்டைக் கதவு ஒன்றை வாங்கி அதைச் சாப்பாட்டு மேசையாக்கலாம் என்றும், எனாமல் கிண்ணங்கள் கிடைத்தால் அன்றாடப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன். ஆசாரியோ, ஆகிற செலவைப் பார்த்தால் எல்லாவற்றையும் புதிதாகவே செய்துவிடலாம் என்கிறார். கல்தொட்டியைச் சிங்க் ஆக்க முடியுமா? பழைய மரத்தில் பூச்சி இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுகொள்வது? இவற்றில் எதையெல்லாம் உணவு படும் இடத்தில் வைக்கக் கூடாது? இவ்வேலைகளில் பழக்கமுள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி: கரூர் கட்டடவேலை

அம்மா, கல்தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது நல்ல சிங்க் ஆகும். ஆனால் அதை ஒரு பாத்திரமாக எண்ணாமல் கட்டடத்தின் ஓர் உறுப்பாக எண்ணித் திட்டமிட வேண்டும். வெளியளவில் 30 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும், சுவரும் அடியும் 2 அங்குலக் கனமும் கொண்ட ஒரு தொட்டியைக் கணக்கிட்டால், கல் மட்டுமே ஏறத்தாழ 108 கிலோ வரும். நிறைய நீர் பிடித்தால் 155 கிலோவைத் தொடும். கடப்பைக் கல் பலகையின் மேல் இந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. இருபுறமும் செங்கல் சுவர் எழுப்பி, அதன் தலைமேல் தொட்டி நேரடியாக உட்கார வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் தொட்டியைச் சுற்றிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள இடம் மந்தமாக ஒலிக்கும். பிறகு ஒரு இரவு முழுவதும் நீர் நிரப்பி வைத்து வெளிப்புறம் ஈரம் கசிகிறதா என்று பார்க்கலாம். கழிவுநீர்த் துளையை உளி வைத்து உடைக்க விடாதீர்கள். நீர் விட்டுக்கொண்டே வைர முனை கொண்ட வட்டத் துரப்பணத்தால் எடுக்கச் சொல்லுங்கள். இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: கடையில் கிடைக்கும் வேஸ்ட் கப்ளிங் (கழிவுநீர்த் துளையில் பொருத்தும் குழாய் இணைப்பு) மெல்லிய எவர்சில்வர் தகட்டுக்காகச் செய்யப்பட்டது, 2 அங்குலக் கல்லில் அதன் மரை அடியை எட்டாமல் போகலாம். ஆகவே துளையைச் சுற்றி அடிப்புறத்தில் கல்லைக் குடைந்து கனத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், அல்லது நீளமான கப்ளிங்கைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மாட்டுத் தொட்டியின் உட்புறம் கொத்திவிட்டபடியே சொரசொரப்பாக இருக்கும்; எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஏறினால் தேய்த்து மாளாது. கல் பாலிஷ் போடுபவர்களைக் கொண்டு உள்ளே மட்டும் வழவழப்பாக்கி, துளையை நோக்கிச் சிறிது வாட்டம் கொடுத்துவிட்டு, வெளிமுகத்தில் உளிக்கொத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அழகும் அங்கேதான் இருக்கிறது. விளிம்பு தரையிலிருந்து 34 அங்குல உயரத்தில் இருக்கட்டும். உள்ளாழம் 8 அங்குலத்துக்கு மேல் போனால் பாத்திரம் கழுவுபவரின் இடுப்பு பேசும்.

மறுமொழி: மதுரை மரவேலை

உங்கள் ஆசாரி சொல்வதை முழுவதும் தள்ளிவிட முடியாது. பழைய மரத்தில் விலையை விடக் கூலி அதிகம்: ஆணி பிடுங்குவது, பெயின்ட் எடுப்பது, கோணலை நேராக்குவது என்று நாட்கள் ஓடும். ஆனால் அட்டாலிப் பலகைகள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. எந்தக் கதவையும் வாங்கும் முன் அவற்றைக் கீழே இறக்கி, ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் இழைத்துப் பாருங்கள். கரிப்புகை படிந்த மேல்தோலுக்கு அடியில் பொன்னிறத்தில் எண்ணெய்ப் பசையும் தோல் போன்ற வாசமும் வந்தால் தேக்கு. அப்படியானால் சாப்பாட்டு மேசை உங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செதுக்கிய கதவை மேசையாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூவேலையின் பள்ளங்களில் சோற்றுப் பருக்கையும் சாம்பாரும் புகும். அதைத் தடுக்க மேலே கண்ணாடி போட்டால் கதவுக்கும் கண்ணாடிக்கும் இடையே எறும்பு குடியேறும். அவ்வளவு ஆசை இருந்தால் அதை மளிகை அறைக்கு வாசற்கதவாகவே மாட்டுங்கள். கதவு கதவாக இருப்பதில் குறையொன்றும் இல்லை.

பூச்சி பற்றி: மரத்தில் ஓட்டை இருப்பதாலேயே அஞ்ச வேண்டியதில்லை. ஓட்டையின் விளிம்பு கறுத்து, உள்ளே தூசி படிந்திருந்தால் பூச்சி எப்போதோ வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். விளிம்பு வெளுப்பாக இருந்து, மரத்தைத் தட்டினால் மாவு போன்ற தூள் கொட்டினால் உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு கறுப்புத் துணியை அடியில் விரித்துச் சில நாள் வைத்தால் ஐயம் தீரும். இந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை பட்டையை ஒட்டிய வெளிர்நிறச் சோற்று மரத்தையே தாக்கும். தேக்கின் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள கெட்டி மரத்தை, அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே சோற்று மரத்தை அறுத்து நீக்கிவிட்டு, மீதிக்கு பெயின்ட் ஏதும் இல்லாத நிலையில் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரை ஊறப் பூசிக் காயவிடலாம். உணவு படும் மேற்பரப்புக்கு இந்தக் கரைசல் வேண்டாம்.

பெயின்ட் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தீ காட்டி உரிக்கவும் வேண்டாம். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் கட்டி, கோழிகளும் பேரக் குழந்தைகளும் புழங்காத இடத்தில் வையுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரயில் கட்டைகளைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம். பலவற்றில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெயை ஏற்றியிருப்பார்கள், வெயில் ஏறினால் அந்த நெடி வெளிவரும். சரக்குப் பெட்டிகளின் பேலட் பலகை என்றால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம், எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிக்கொல்லிப் புகை கொடுத்தது, விட்டுவிடலாம்.

மறுமொழி: காவிரிக்கரை

பாத்திரங்களைப் பற்றி யாரும் பேசாததால் நான் எழுதுகிறேன். இப்போதெல்லாம் தவலையைக் கவிழ்த்து விளக்காக்குவதும் அரிவாள்மனையைச் சுவரில் தொங்கவிடுவதும் பெருகிவிட்டன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சமைக்கத் தகுதியுள்ள பாத்திரத்தைச் சமைக்க வையுங்கள். ஓட்டையான தவலை விளக்காகட்டும்.

பித்தளையில் புளி, தயிர், எலுமிச்சை எதுவும் நேரடியாகப் படக் கூடாது; செம்பு கரைந்து களிம்பேறும். ஆகவே குண்டான்களுக்கு உள்ளே வெள்ளீயம் (டின்) பூசியாக வேண்டும். பாத்திரத்தைக் கரி உலையில் காயவைத்து, நவச்சாரத் தூளைத் தூவி, வெண்புகை எழும்போது வெள்ளீயத் துண்டைத் தேய்த்துத் துணியால் சுழற்றுவார்கள். மஞ்சள் நிறம் ஒரே வீச்சில் வெள்ளியாக மாறும். பூசுவது வெள்ளீயம்தானா என்பதில் கண்டிப்பாக இருங்கள். வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று ஒலிக்கும்; காரீயத்தில் (பெயின்டுக்குச் சொன்ன அந்த நச்சு ஈயம்) அந்த ஒலி இராது, வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடும் விழும். சிறிதளவு கலப்படத்தை இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்காது என்பதால், நம்பிக்கையான கையிடமே கொடுப்பது மேல். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிட்டால் பூச்சு வழிந்துவிடும். உள்ளே மஞ்சள் தெரியத் தொடங்கினால் மறுபூச்சுக்குக் கொடுங்கள்.

எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வரும் ஸ்வீடன், ஜப்பான் எனாமல் பார்க்க மிக அழகு. அன்றாடப் புழக்கத்துக்கு வேண்டாம் என்பேன். விளிம்பில் சில்லு பெயர்ந்தது மேலும் பெயரும். பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் காட்மியமோ ஈயமோ இருக்கக்கூடும். பூண்டு, சின்ன வெங்காயம் போன்ற தோலுள்ள பொருட்களைப் போட்டு வைக்கலாம். ஊறுகாய் கூடவே கூடாது. அதற்குப் பழைய பீங்கான் ஜாடியையும் நாடாதீர்கள், அதன் மெருகில் ஈயம் இருப்பதுண்டு.

சாளைக்காரி

மூவருக்கும் மிக்க நன்றி. அட்டாலிப் பலகை ஒன்றை இறக்கி இழைத்துப் பார்த்தோம். தேக்குதான் என்று ஆசாரியே ஒப்புக்கொண்டார். ஆகவே கதவை விட்டுவிட்டோம். இனி காரைக்குடிக்குப் போக வேண்டுமா? கம்பிவலைப் பீரோவைப் பால், மிச்சக் குழம்பு வைக்கப் பயன்படுத்துவது இக்காலத்தில் சரிப்படுமா?

மறுமொழி: செட்டிநாட்டுப் பக்கத்தவர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஆனால் பட்டியலோடு போங்கள். பட்டியலில்லாமல் போனவர்கள் வண்டி நிறையச் சிறு சிலைகளோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சமையலறைக்கு அங்கே தேட வேண்டியவை எளியவை: மர அஞ்சறைப் பெட்டி, சுவர்த் தட்டுகளைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கொண்டிகள், கனமான பித்தளைத் தாழ்ப்பாள்கள். பர்மா தேக்குத் தூண்களையும் நிலைகளையும் நான் வாங்குவதில்லை. நிற்கிற வீட்டைப் பிரித்து விற்பதற்கு அந்த விலைதான் தூண்டுதல். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் இடம்பெற்ற பிறகும் பிரிப்பது நின்றபாடில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பம், செதுக்கு வேலை முதலியவை தொல்பொருளாகக் கருதப்படும். ஆகவே சாமி உருவம் செதுக்கிய எதையும் தவிர்த்துவிட்டு, வாங்கும் பொருளுக்கு ரசீது கேளுங்கள்.

பீரோவைத் தாராளமாகப் புழங்கலாம், ஆனால் பாலுக்கும் மிச்சக் குழம்புக்கும் குளிர்பெட்டிதான். பழம், பலகாரம், தேங்காய், மதியம் வரை மூடி வைக்கும் பொரியல் ஆகியவற்றுக்கு வலைப்பீரோவைப் போலக் காற்றோட்டம் தருவது வேறில்லை. துருப்பிடித்த வலையை எடுத்துவிட்டு எவர்சில்வர் வலை அடிக்கச் சொல்லுங்கள். ஆடுகிற கால்களுக்கு ஆணி அறையாமல், பொருத்துகளைப் பிரித்துப் பசையிட்டு மீண்டும் இறுக்குவது நல்லது. எறும்புக்காகக் கால்களின் அடியில் நீர்க் கிண்ணம் வைப்பீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய சிறு நீரில்தான் முட்டையிடும். முட்டை கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு நீர் வற்றினாலும் சாகாமல் காத்திருக்கும். எனவே நீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை கிண்ணத்தின் உட்புறத்தைத் தேங்காய் நார் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு நீர் ஊற்றுங்கள்.