வீட்டுக்குள்ள டவர் எடுக்காதவுக என்ன செஞ்சீங்க? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாம்பன் தெற்குவாடி:

எங்க வீட்டுக்காரவுக விசைப்படகுல போறவுக. ஓலை வீட்ல இருந்தவரைக்கும் எந்த மூலையில நின்னாலும் போன் பேச முடிஞ்சது. மூணு வருசத்துக்கு முன்னாடி நகையை அடகு வச்சு காங்கிரீட் வீடு கட்டுனோம். பால் காய்ச்சுன அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சு போச்சு, உள்ள டவர் இல்லன்னு. அடுப்படி ஜன்னல் திண்டுல, உப்பு டப்பாவுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவுல ஒரு சாண் இடம். அங்க வச்சா ரெண்டு பாயிண்ட் வரும், கையில தூக்குனா போயிரும். அதனால குனிஞ்சு, கன்னத்தை ஜன்னல் கம்பியில ஒட்ட வச்சுக்கிட்டுத்தான் பேசுவேன். பேசி முடிச்சா கன்னத்துல துருக்கோடு இருக்கும்.

போன மாசம் ஒரு ராத்திரி படகுல என்ஜின் நின்னு போச்சு. கரையில இருந்து அஞ்சாறு மைல்ல நங்கூரம் போட்டுட்டு மூணு தடவை எனக்குக் கூப்பிட்டிருக்காக. சின்னவனுக்குக் காய்ச்சல், அவனோட உள் அறையில படுத்திருந்தேன். போன் தலையணைக்குக் கீழதான் இருந்துச்சு. ஒரு சத்தம் வரல. விடிஞ்சு பால் வைக்கப் போயி போனைத் திண்டுல வச்சதும் டிங் டிங்குன்னு மிஸ்டு கால் மெசேஜ் மூணு வந்து விழுந்துச்சு. ராத்திரி 1:10, 1:25, 2:05. எனக்குக் கை காலெல்லாம் விட்டுப் போச்சு.

வேற படகு கட்டி இழுத்துட்டு வந்துச்சு. பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவுக என்னைத் திட்டல. "நீ எடுக்கலன்னதும் புள்ளைக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சுன்னு பயந்துட்டேன்"ன்னாக. நடுக்கடல்ல நிக்கிற மனுசன் வீட்டை நெனச்சுப் பயந்திருக்காக. அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் சரியா இல்ல. நம்ம கடற்கரையில இதே பாடு படுறவுக நிறையப் பேர் இருப்பீக. நீங்க என்ன செஞ்சீங்க, எது பலிச்சுச்சு, எது பலிக்கல, எழுதுங்க.

கீழக்கரை:

தங்கச்சி, எங்க வீடு ரொம்பப் பழைய வீடு. சுவர் ரெண்டடி கனம், சுண்ணாம்புக் கட்டு. வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும், டவர் மட்டும் எட்டிப் பாக்காது. நான் துபாய்ல இருந்த காலத்துல உம்மாவுக்குக் கூப்பிட்டா "நாட் ரீச்சபிள்"ங்கிற குரலைத்தான் அதிகம் கேட்டேன். அங்க வாட்சப் கால் போகாது. போட்டிம்ங்கிற ஆப் போட்டுப் பேசணும்னா உம்மாகிட்ட நெட் இருக்கணும். உம்மா தெருவாசல்ல வந்து நிக்கணும், மக்ரிப்புக்கு அப்புறம் வெளிய நிக்க அவங்களுக்குச் சங்கடம். மாசத்துக்கு ரெண்டு தடவை பேசுனா பெருசு.

இப்ப ஊர்லயே இருக்கேன். வீட்டுக்கு பைபர் லைன் இழுத்து மோடம் வச்சோம். போன்ல வைஃபை காலிங்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அதை ஆன் பண்ணுனேன். அவ்வளவுதான். சாதாரண நம்பர்ல சாதாரணமா கூப்பிடுறது, கால் மட்டும் வைஃபை வழியாப் போகும். தனி ஆப் வேண்டாம், எதிர்ல பேசுறவங்களுக்கும் எதுவும் வேண்டாம். 2019 கடைசியிலயும் 2020 தொடக்கத்துலயும் தனியார் கம்பெனிகள் இதைக் கொண்டு வந்தாச்சு. எனக்குத் தெரியாமலே ரெண்டு வருசம் போச்சு, அந்த வருத்தம் இன்னைக்கும் இருக்கு. உங்க போன்லயும் சிம்லயும் அந்த வசதி இருக்கான்னு முதல்ல பாருங்க. ஒரு விசயம், கரண்ட் போனா மோடமும் போயிரும். நாங்க இன்வெர்ட்டர்ல ஒரு பிளக் அதுக்குன்னே ஒதுக்கியிருக்கோம்.

ராமநாதபுரம், டவர் பராமரிப்பு:

பதினோரு வருடமாக டவர் ஏறுகிறவன். பாம்பன் அக்கா எழுதியதைப் படித்தேன், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பாயிண்டை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. உண்மையான அளவு போனுக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் அபௌட் போன், அதில் சிம் ஸ்டேட்டஸ், அதில் சிக்னல் ஸ்ட்ரெங்த். போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். மைனஸ் போட்டு ஒரு எண் வரும், பக்கத்தில் டிபிஎம் என்று இருக்கும். 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் அருமை. மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 115-ஐத் தாண்டினால் லைன் எப்போது வேண்டுமானாலும் அறும். அந்த எண்ணில் பத்து கூடினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மாடியில் 88, அறைக்குள் 118 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டில் இடம் இடமாக நின்று எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வேறு கம்பெனி சிம்மை வாங்கிப் போட்டும் எழுதுங்கள். பாதிப் பேருக்கு வழி அந்தப் பேப்பரிலேயே கிடைத்துவிடும்.

ஓலை வீட்டில் எடுத்தது காங்கிரீட் வீட்டில் ஏன் எடுக்கவில்லை? ஓலையும் மண் சுவரும் சிக்னலை அவ்வளவாகத் தடுக்காது. காங்கிரீட்டும் அதற்குள் கட்டிய கம்பி வலையும் தடுக்கும். தகரக் கூரை இன்னும் மோசம். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரை ஓரளவு துளைத்து வரும். 2300, 3500 போன்றவை வேகமான நெட் தரும், ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் 5ஜி அரைகுறையாக எட்டுகிற இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் கரையும். அப்படிப்பட்ட வீட்டில் 4ஜி மட்டும் என்று மாற்றி வையுங்கள், வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஆன் ஆகி இருக்கட்டும்.

அடுத்தது, இதுதான் யாருக்கும் தெரியாத சங்கதி. பாயிண்ட் முழுசாக இருக்கும், பேச்சு மட்டும் போகாது. டவர் இருபது நாற்பது வாட்டில் பேசுகிறது. உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவது டவருக்குக் கேட்கவில்லை. சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் முழு பலத்தையும் போட்டுக் கத்திக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்குவதும் போன் சுடுவதும் அதனால்தான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த உப்புக்காற்றில் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம், அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் வந்து சேர வேண்டும். மழை நாளில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் கேனைத் தலையில் சுமந்து போயிருக்கிறேன். திடீரென்று ஒரு ஊரே அடங்கிவிட்டால் 198-க்கு அடித்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பத்து பேர் தனித்தனியாகப் புகார் செய்தால்தான் எங்களுக்கு வேலை உத்தரவு சீக்கிரம் வருகிறது.

சாயல்குடி பக்கம், ரேஷன் கடை:

வேலை செய்யுற இடத்துப் பாட்டை நான் சொல்றேன். 2020 அக்டோபர்ல கைரேகை வச்சுத்தான் பொருள் கொடுக்கணும்னு வந்துச்சு. எங்க கடை தகரக் கூரை. விரலை வச்சா மிஷின்ல வட்டம் சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும். வரிசையில பனைத்தொழிலாளிக வீட்டுப் பொம்பளைக. விடியக்காலம் பதநீர் இறக்கிக் காய்ச்சப் போட்டுட்டு வந்தவுக, அடுப்பு அங்க எரிஞ்சுக்கிட்டு இருக்கும். "டவர் இல்ல, இருங்கம்மா"ன்னு சொல்றப்ப அவுக முகத்தைப் பாக்க முடியாது. எங்கிட்டக் கோவப்பட்டவுக உண்டு, நான் வேணும்னே இழுத்தடிக்கிறதா நெனச்சவுக உண்டு.

ஒரு பாட்டிக்கு நாலு தடவை வச்சும் வரல. டவர்தான்னு நெனச்சு வெளிய வேப்பமரத்தடிக்கு மிஷினைத் தூக்கிட்டுப் போனேன். அங்கயும் வரல. பாட்டி கையைப் பிடிச்சுப் பாத்தேன், பெருவிரல் வழுவழுன்னு இருக்கு, ரேகையே தேஞ்சு போச்சு. அறுபது வருசம் ஓலை முடைஞ்ச கை. அன்னையில இருந்து எது டவர் கோளாறு, எது விரல் கோளாறுன்னு பிரிச்சுப் பாக்கக் கத்துக்கிட்டேன். விரல் சரியா விழலன்னா மிஷின் உடனே சொல்லிரும். டவர் இல்லன்னாத்தான் சுத்தும்.

மேல எழுதிக் கொடுத்து மிஷின்ல வேற கம்பெனி சிம் மாத்திக் கேட்டேன். நாலு மாசம் நடையா நடந்து மாத்திக் கொடுத்தாக. மேசையைத் தகரத்தடியில இருந்து வாசல் பக்கம் தள்ளிப் போட்டேன். இப்ப மழை பேஞ்சா மட்டும்தான் சிரமம்.

தனுஷ்கோடி வேன்:

2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுல இருந்து அங்க வண்டி ஓட்டுறேன். முனையில நின்னா தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான், குறுக்க மரம் மட்டை ஒண்ணும் கிடையாது. போன் இலங்கை டவரைப் பிடிச்சுரும், வரவேற்பு மெசேஜும் வரும். வெளிநாட்டு ரோமிங் போட்டு வச்சிருக்கிற போஸ்ட்பெய்டுகாரவுக கவனமா இருக்கணும். நம்ம வண்டியில வந்த ஒரு அண்ணனுக்கு அப்புறமா பில் வந்துருச்சு. முனைக்குப் போறதுக்கு முன்னாடியே டேட்டா ரோமிங்கை அணைச்சு, நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்ல இருந்து எடுத்து நம்ம கம்பெனியையே தேர்வு பண்ணிக்கங்க. திரும்பி வந்து மாத்த மறந்துறாதீங்க.

தொண்டி:

சிக்னலைக் கூட்டுற பூஸ்டர் வாங்கலாம்னு யாராவது சொன்னா வாங்காதீங்க. எங்க தெருவுல ஒருத்தர் ஆன்லைன்ல வாங்கி மாடியில ஆன்டெனா மாட்டுனாரு. அவரு வீட்ல டவர் நெறஞ்சு போச்சு. மறுநாள்ல இருந்து எங்க தெரு முழுக்க லைன் கரகரன்னு அறுந்துச்சு. கர்ப்பமா இருந்த என் மகளுக்கு 108 கூப்பிட மாமியா வீட்டு லேண்ட்லைனுக்கு ஓடுனேன். பத்து நாள் கழிச்சு ஒரு வண்டியில கருவியோட ஆளுக வந்து தெருத்தெருவா அளந்து அவரு வீட்டு வாசல்ல நின்னாக. உரிமம் இல்லாம ரேடியோக் கருவி வைக்கக் கூடாதுன்னு 1933-லயே சட்டம் போட்டாச்சாம். அவரும் கெட்ட மனுசன் இல்ல, தெரியாம செஞ்சுட்டாரு. கழட்டுன அன்னைக்கே தெரு சரியாச்சு.

தங்கச்சிமடம், நாட்டுப்படகு:

பாம்பன் தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க, கடல்ல செல்போனை மட்டும் நம்பக் கூடாது. நாப்பது மீட்டர் டவர்னா கணக்குப்படி சுமார் 30 கிலோமீட்டர் எட்டும், ஆனா பூமி உருண்டை, அதுக்கு மேல டவர் கடலுக்குக் கீழ போயிரும். ஆன்டெனாக்களும் ஊரைப் பாத்துத்தான் திருப்பி வச்சிருக்காக. நாங்க அணியத்துல, அதான் படகோட முன்பக்கத்துல நின்னு கையை ஒசத்திப் பிடிச்சுப் பேசிருக்கோம், ஒரு அலைக்கு வரும், அடுத்த அலைக்குப் போகும்.

வி.எச்.எப். ரேடியோ செட்டுல, ஆபத்துக்குக் கூப்பிடுற 16-ஆம் சேனல் எப்பவும் காதுல இருக்கணும். டவர் இருந்தா கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. நம்ம கம்பெனி டவர் இல்லன்னாலும் வேற கம்பெனி டவர் எட்டுச்சுன்னா அவசர நம்பர் 112 போகும், அதை எல்லாரும் மனசுல வச்சுக்கங்க. விசைப்படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்துல டிரான்ஸ்பாண்டர் பொருத்துறாக, செயற்கைக்கோள் வழியா ஆபத்துச் செய்தி அனுப்பலாம். ஒங்க படகுல இருக்கா, வேலை செய்யுதான்னு கரையில இருக்கும்போதே பாக்கச் சொல்லுங்க. சேட்டிலைட் போன் மட்டும் வேண்டாம், உரிமம் இல்லாம வச்சிருந்தா கேசு.

திருப்பாலைக்குடி:

எங்க ஊருக்கு டவர் வந்தப்ப கதிர்வீச்சுன்னு சொல்லித் தடுத்தவுகள்ல நானும் ஒருத்தன். இந்தியாவுல 2012-லயே உலக வரம்புல பத்துல ஒரு பங்கா அளவைக் குறைச்சாச்சுன்னு அப்புறம்தான் படிச்சேன். தரங் சஞ்சார்ங்கிற அரசுத் தளத்துல நம்ம சுத்து வட்டாரத்து டவர் எங்கெங்க இருக்குன்னு வரைபடத்துல பாக்கலாம். அன்னைக்குத் தடுக்காம இருந்திருக்கலாம். என் அத்தா மயங்கி விழுந்த ராத்திரி சிக்னல் தேடி மாடிக்கும் வாசலுக்கும் ஓடுனேன். அவுக இப்ப நல்லா இருக்காக, அல்லாஹ்வோட கிருபை.

பாம்பன் தெற்குவாடி:

எழுதுன எல்லாருக்கும் நன்றி. பன்னெண்டு நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்லணும்.

டவர் தம்பி சொன்னபடி பெரியவளோட நோட்டுல எழுதுனேன். மொட்டை மாடி 86. அடுப்படித் திண்டு 104. உள் அறை 121. எழுதிப் பாத்ததும்தான் வெளங்குச்சு, நான் படுத்திருந்த இடத்துல போன் உயிரோட இல்லவே இல்ல. பக்கத்து வீட்டு அக்கா சிம்மை வாங்கிப் போட்டா அதே உள் அறையில 103 காட்டுச்சு. வைஃபை போட இப்பத்திக்குக் கையில காசு இல்ல, மீன்பிடித் தடைக்காலம் வேற வருது. அதனால அக்காவோட கம்பெனிக்கே மாற, போர்ட்னு டைப் பண்ணி நம்பரைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்புனேன். பதிலா வந்த கோட் நம்பரை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனேன், ஆதார் பாத்து சிம் கொடுத்தாக. நம்பர் மாறல. நாலாம் நாள் பழைய சிம் அடங்கி புதுசு வந்துருச்சு. போனை 4ஜி மட்டும்னு மாத்துனேன். கட்டிலையும் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டோம், தலைமாட்டுல இப்ப 98.

படகுல டிரான்ஸ்பாண்டர் இருக்கான்னு கேட்டேன். இருக்கு, ஆனா அமுக்கிப் பாத்தவுக யாரும் இல்ல. படகு முதலாளி சம்மாட்டியைக் கூப்பிட்டு அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுக்க வச்சிருக்காக.

நேத்து விடியக்காலை மூணே முக்காலுக்குப் போன் அடிச்சது. படுத்த இடத்துல இருந்தே எடுத்தேன். "குந்துகால் வந்துட்டோம், புள்ள தூங்குதா?"ன்னாக. பின்னாடி என்ஜின் சத்தம்கூடத் தெளிவாக் கேட்டுச்சு. தூங்குதுன்னேன்.