ஒஹாயோ மானுக்கும் கருங்கரடிக்கும் 360 பக்ஹாமர் தோட்டா போதுமா?

கேள்வி – மேப்பிள்தோப்பு

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவில் துப்பாக்கி வாரத்தில் வெண்வால் மான் வேட்டைக்கு இதுவரை 12 போர் ஷாட்கன்னில் ஸ்லக் (ஒற்றைப் பெருங்குண்டு) போட்டுத்தான் சுட்டு வருகிறேன். அதன் உதையைத் தாங்கும் வயது தோளுக்குக் கடந்துவிட்டதால், லீவர் ஆக்‌ஷன் (கீழுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும்) ரைபிள் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். ரெமிங்டன் 2023-இல் அறிமுகப்படுத்திய 360 பக்ஹாமர் தோட்டாவுக்கான ஹென்றி ரைபிளைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். லீவர் தடங்கலின்றி ஓடியது, எடையும் கைக்கு அடங்கியது. ஆனால் அதே அலமாரியில் 45-70 ரைபிளும் இருந்தது. 1873 முதல் புழக்கத்தில் இருக்கும் ஒரு தோட்டாவை விட்டுவிட்டு, நேற்று வந்ததை நம்பிப் பணம் போடுவதா என்று தயங்குகிறேன்.

தென் மிச்சிகனில் பண்ணை வைத்திருக்கும் மைத்துனர் ஆண்டுதோறும் மான் வேட்டைக்கு அழைக்கிறார். அனுமதி கிடைத்தால் அதே மாநிலத்தின் மேல் தீபகற்பத்தில் கருங்கரடிக்கும், என்றாவது ஒருமுறை கொலராடோவில் எல்க் மானுக்கும் போக ஆசை. இவ்வளவுக்கும் ஒரே ரைபிள் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – ஏரிக்கரை

மைத்துனரின் பண்ணையைக் குறிப்பிட்டீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேயே இருக்கிறது. இந்தத் தோட்டா வடிவமைக்கப்பட்டபோது தென் மிச்சிகனில் இருந்த விதியின்படி, மான் வேட்டைக்கான ரைபிள் தோட்டா குறைந்தது 35 காலிபர் (குண்டின் விட்டம் 0.35 அங்குலம்) இருக்க வேண்டும். அதன் உறை, அதாவது வெடிமருந்து அடங்கிய பித்தளைக் கூடு, கழுத்துக் குறுகாமல் நேராக, 1.16 அங்குலத்துக்குக் குறையாமலும் 1.80 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பக்ஹாமரின் உறை நீளம் சரியாக 1.80 அங்குலம். பழைய லீவர் ரைபிள் தோட்டாவான 30-30-இன் உறையில், கழுத்துக் குறுகும் தோளை நேராக்கி, அந்த அளவுக்கு வெட்டி, 0.358 அங்குல விட்டமுள்ள குண்டைப் பொருத்தினால் கிடைப்பதுதான் இது. சட்டப் புத்தகத்தை ஒரு கையிலும் அளவுகோலை மறு கையிலும் வைத்துக்கொண்டு செய்தது என்றே சொல்லலாம்.

நீங்கள் கையில் எடுத்துப் பார்த்த 45-70 உறையின் நீளம் 2.105 அங்குலம். ஒஹாயோவில், 357 முதல் 50 காலிபர் வரையிலான நேர் உறைத் தோட்டாக்களுக்கு அனுமதி உண்டு என்பதால், அதற்குத் தடை இல்லை. ஆனால் மேற்சொன்ன மிச்சிகன் விதியின் கீழ் அது செல்லாது. கழுத்துக் குறுகிய 30-30-க்கோ ஒஹாயோவிலேயே இடமில்லை. ஆகவே இரு மாநிலங்களுக்கும் ஒரே லீவர் ரைபிள் வேண்டுமென்றால், 44 மேக்னம் போன்ற கைத்துப்பாக்கித் தோட்டாக்களைத் தவிர்த்துப் பார்க்கையில், எஞ்சுவது ஏறக்குறைய பக்ஹாமர் மட்டும்தான். இந்த விதிகள் ஆண்டுக்காண்டு தளர்ந்து வருகின்றன. வாங்குவதற்கு முன் இரு மாநிலங்களின் இவ்வாண்டு வேட்டைக் கையேட்டையும் படித்துவிடுங்கள். ஒஹாயோவில் மேகசினிலும் (தோட்டாக்களைச் சேர்த்து வைக்கும் இடம்) சேம்பரிலும் (சுடத் தயாராகத் தோட்டா அமரும் அறை) சேர்த்து மூன்று தோட்டாக்களுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். இல்லினாயில் உறவினர் யாராவது அழைத்தால் இந்த ரைபிளை எடுத்துச் செல்ல இயலாது. அங்கே மான் வேட்டைக்கு அனுமதிக்கப்படும் ரைபிள், ஒற்றைத் தோட்டா மட்டுமே கொள்ளும் வகை.

பதில் 2 – பைன்காடு

மேலே நண்பர் சட்டத்தை விளக்கிவிட்டார்; நான் சுடும் கணக்கைச் சொல்கிறேன். 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு குழலை விட்டு நொடிக்கு 2,400 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 கிரெய்ன் குண்டின் வேகம் 2,200 அடியை ஒட்டியது. 180 கிரெய்னின் ஆற்றல் தொடக்கத்தில் சுமார் 2,300 அடி-பவுண்டு, 100 கெஜத்தில் 1,600 அளவு, 200 கெஜத்தில் 1,100 அளவு. 100 கெஜத்துக்குக் குறியைச் சரிசெய்து வைத்தால் 200 கெஜத்தில் குண்டு எட்டு அங்குலத்தை ஒட்டித் தாழ்ந்து விழும். வெண்வால் மானுக்கு 150 கெஜம் வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 170 கிரெய்ன் 30-30-ஐவிடத் துளை பெரிது, வேகமும் குறையவில்லை.

கருங்கரடிக்கு 200 கிரெய்னைத் தேர்ந்தெடுங்கள். மேல் தீபகற்பத்தில் பெரும்பாலும் இரை வைத்துக் காத்திருந்து சுடுவதால் தூரம் ஒரு பொருட்டே அல்ல. பிறகு தேடுவதில்தான் சிக்கல். கரடியின் கொழுப்பு துளையை அடைத்துவிடும், நீண்ட மயிர் இரத்தத்தை உறிஞ்சிவிடும். குண்டு மறுபுறம் வெளியேறி இரண்டாவது துளை விழாவிட்டால், அந்தி மயங்கும் நேரத்தில் தரையில் தடயம் தேடி அலைய வேண்டியிருக்கும். கனமான குண்டு நிதானமான வேகத்தில் ஊடுருவிச் செல்வது அங்கேதான் பயன்படுகிறது.

எல்க் வேறு கதை. 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு இருக்க வேண்டும், குண்டு 85 கிரெய்னுக்குக் குறையக் கூடாது என்னும் கொலராடோவின் விதிகளைப் பக்ஹாமர் எளிதாகத் தாண்டும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் 250 கெஜத்தில் நிற்கும் எல்க்கை இதனால் சுட முயல்வது சரியாகாது. அடர்ந்த மரங்களுக்குள் நூறு கெஜத்துக்கு உட்பட்டு, விலாவுக்கு நேர் பக்கவாட்டில் நின்றால் மட்டும் சுடுவேன் என்ற கட்டுப்பாடு உங்களிடம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு பயணத்துக்கு 30-06 ரைபிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்வதே நல்லது.

பதில் 3 – பழைய மார்லின்

இருவரும் சொன்னவற்றை நான் மறுக்கவில்லை, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். லீவர் ரைபிளுக்கென்று புதிதாக வந்த தோட்டாக்களின் வரலாறு அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. 1978-இல் 375 வின்செஸ்டர், எண்பதுகளின் தொடக்கத்தில் 307, 356 வின்செஸ்டர், 2000-இல் 450 மார்லின், பிறகு 308, 338 மார்லின் எக்ஸ்பிரஸ் எனத் திறமையில் ஒன்றும் குறைந்தவையல்ல. இன்று அவற்றுக்குத் தோட்டா வாங்க எத்தனை கடை ஏறி இறங்க வேண்டும் என்று விசாரித்துப் பாருங்கள். அதே காலத்தில் 30-30-உம் 45-70-உம் அசையாமல் இருக்கின்றன. பக்ஹாமரைத் தாங்கி நிற்பது ஒரு வேட்டை விதி. அந்த விதி நீக்கப்பட்டால் இதன் தேவையும் குறையும்.

பக்ஹாமரில் எனக்கு நம்பிக்கை தருவது குண்டின் விட்டம். 1906 முதல் வழக்கில் உள்ள 35 ரெமிங்டனுக்கும் 0.358 அங்குலமே என்பதால், தட்டை முனை கொண்ட 180, 200 கிரெய்ன் குண்டுகள் தனியாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும். வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்கள் 30-30 உறையிலிருந்து இதன் உறையைச் செய்துகொள்ளவும் முடியும். நீங்கள் அந்த வழக்கம் இல்லாதவர் என்றால், மான் பருவத்தில் அலமாரி காலியாகும் தோட்டா இது என்ற கணக்கில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இன்னொன்று: இதன் மூல உறை 30-30 என்பதால், வீட்டில் கிடக்கும் பழைய 30-30 ரைபிளுக்குக் குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 30-30-க்கான அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு, இதற்கு 50,000. அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

மிச்சிகன் பயணத்தை விட்டுவிட முடிந்தால் நான் 45-70-ஐத்தான் சொல்வேன்.

மேப்பிள்தோப்பு

மூவருக்கும் மிக்க நன்றி. மிச்சிகனை விட முடியாது. மைத்துனர் மனம் நோகும். 45-70-இன் உதையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மேலும், குழாய் மேகசினில் கூர்முனைக் குண்டு கூடாது என்கிறார்களே, அது உண்மையா?

பழைய மார்லின்

உண்மைதான். குழாயில் ஒன்றின் முனை அடுத்ததன் பிரைமரை (தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி) தொட்டபடி வரிசையாக இருப்பதால், கடினமான கூர்முனை அதிர்ச்சியில் பிரைமரைத் தட்டி வெடிக்கச் செய்யலாம். அதனால்தான் தட்டை முனை, அல்லது ஹார்னடி நிறுவனத்தின் லீவரெவல்யூஷன் தோட்டாவில் வருவதுபோல் அழுத்தினால் அமுங்கும் மென்மையான பாலிமர் முனை. தட்டை முனைக் குண்டே உங்களுக்குப் போதும்.

உதையைப் பொறுத்தவரை, 45-70-இல் 325 கிரெய்ன் குண்டை 2,050 அடி வேகத்தில் அனுப்பும் தோட்டா, ஒரே எடையுள்ள ரைபிளில் பக்ஹாமரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உதைக்கும். 405 கிரெய்ன் பழைய பாணித் தோட்டா அவ்வளவு முரடு அல்ல, ஆனால் அதன் பாதை வளைந்து விழும். ஸ்லக்கிடமிருந்து தப்பிக்க நினைக்கும் தோளுக்கு 45-70 ஆறுதல் தராது.

ஹென்றியை வாங்குவதானால் பக்கவாட்டு வாயிலும் உள்ள மாதிரியாகப் பாருங்கள். நிரப்புவதற்கு அந்த வாயில். வேட்டை முடிந்ததும் முதலில் லீவரைத் திறந்து சேம்பரில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு, லீவரை மூடாமலேயே மேகசினின் உள்குழாயை உருவிச் சாய்த்தால் மற்றவை உள்ளங்கையில் விழுந்துவிடும். விறைத்த விரல்களோடு ஒவ்வொன்றையும் சேம்பருக்குள் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. முடித்ததும் லீவரை ஓரிரு முறை இயக்கி, உள்ளே தங்கிய தோட்டா இருந்தால் வெளியேற்றி, சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.