சிந்தசைசர் சிப் என்றால் டக் கர்ட்டிஸ் மட்டும்தானா?

ஈயப்பற்று: "சிந்தசைசருக்கென்று சிப் வடிவமைத்த முதல் ஆள் டக் கர்ட்டிஸ்" என்று இங்கே ஒருவர் எழுத, எல்லோரும் கைதட்டியிருக்கிறீர்கள். 1978-ல் புராபெட்-5 என்ற சிந்தசைசர் (மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டு) வந்தபோது உள்ளே இருந்தவை எஸ்எஸ்எம் நிறுவனத்தின் சிப்கள். ரான் டவ், டேவ் ராஸம் இருவரின் உழைப்பு அது. கர்ட்டிஸின் சிஇஎம் சிப்கள் 1980-ல், அதன் மூன்றாம் பதிப்பான ரெவ் 3-ல்தான் உள்ளே வந்தன.

குமிழ்திருகி: எழுதியது நான்தான். அந்த எஸ்எஸ்எம் புராபெட்கள் சுருதி நிற்காமல் படுத்திய பாட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? கர்ட்டிஸின் சிஇஎம் 3340 சிப்பில் வெப்பநிலை மாற்றத்தைச் சரிக்கட்டும் சுற்று சிப்புக்குள்ளேயே இருந்தது. அதுதான் சாதனை.

ஈயப்பற்று: எது நல்லது என்று நான் கேட்கவில்லை. எது முதல்? 1978, எஸ்எஸ்எம்.

மந்தரம்: ஓபி-எக்ஸ்ஏ, ஜூபிட்டர்-6, எஸ்எச்-101, மெமரிமூக் என்று எல்லாச் சிந்தசைசர்களிலும் ஆஸிலேட்டர் (ஒலியலையை உண்டாக்கும் பகுதி) 3340தான். 1984-ல் சிக்ஸ்-டிராக் சிந்தசைசரில் ஒரு குரலுக்கான (ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை ஒலிக்கும் சுற்றுக்கான) ஆஸிலேட்டர், ஒலியலையை வடிகட்டும் ஃபில்டர், ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ஆம்ப் மூன்றையும் ஒரே சிப்பில் அடக்கியவர் கர்ட்டிஸ். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஈயப்பற்று: மெமரிமூகின் ஃபில்டர் மூக் நிறுவனத்தின் சொந்த டிரான்சிஸ்டர் ஏணிச் சுற்று. எஸ்எச்-101-ல் அதைத் தயாரித்த ரோலண்ட் நிறுவனத்தின் சொந்த ஃபில்டர் சிப். ஒலிக்குக் குணம் தருவது ஃபில்டர் ஐயா! 1984 எனக்கு வேண்டாம், 1978-க்குப் பதில் சொல்லுங்கள்.

குமிழ்திருகி: ஜூனோ-60 சிந்தசைசரில் இருப்பது டிசிஓ (டிஜிட்டல் முறையில் கட்டுப்படும் ஆஸிலேட்டர்), விசிஓ (மின்னழுத்தத்தால் கட்டுப்படுவது) அல்ல என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் நாள்கணக்கில் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டீர்கள். கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஈயப்பற்று: ஜூனோ பேச்சை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே நீங்கள் அழித்த பதிவுகளையும் சேர்த்தா பேசலாம்?

குமிழ்திருகி: அழித்தது மட்டுறுத்துநர். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மந்தரம்: இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கர்ட்டிஸ் 2007-ல் இறந்த பிறகும் 2016-ல் 3340-ஐ மறுபடி தயாரித்தார்கள். 2020-ல் வந்த புராபெட்-5 ரெவ் 4-ல் கர்ட்டிஸ் ஃபில்டர், ராஸம் புதிதாக வடிவமைத்த ஃபில்டர் இரண்டும் உண்டு. புராபெட்டை உருவாக்கிய டேவ் ஸ்மித்துக்கே இரண்டும் தேவைப்பட்டன.

ஈயப்பற்று: நன்றி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். அதில் ரெவ் 1, 2 ஒலிக்கு ராஸம் ஃபில்டர், ரெவ் 3 ஒலிக்குக் கர்ட்டிஸ். ஒன்று முன்னால் வருமா, மூன்று முன்னால் வருமா?

குமிழ்திருகி: ரெவ் 1 எத்தனை இன்று ஒழுங்காக வேலை செய்கிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஈயப்பற்று: மறுபடியும் பேச்சை மாற்றுகிறீர்கள். 1978.